பாலித் தீவுப் பயணத்திற்கு இ-சிம்: மூன்று கைப்பேசிகளுக்கு எப்படி ஏற்பாடு செய்வது?

சிப்புட் மகள் (சுங்கை சிப்புட், பேராக்):

அனைவருக்கும் வணக்கம். வரும் பள்ளி விடுமுறையில் நானும் என் அம்மாவும் 15 வயது மகனும் ஐந்து நாள்களுக்குப் பாலித் தீவுக்குச் செல்கிறோம். அதில் ஓர் இரவு நூசா பெனிடா என்னும் சிறு தீவில் தங்குவதாக ஏற்பாடு. 31 ஆண்டுகள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு இதுதான் முதல் கடப்பிதழ், முதல் விமானப் பயணம். முழங்கால் வலியால் அப்பா வீட்டிலேயே இருந்துவிடுகிறார். நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதுதான் அம்மா எனக்குப் போட்ட ஒரே நிபந்தனை.

கோலாலம்பூரில் இருக்கும் என் நாத்தனார், இ-சிம் (அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே ஏற்றும் சிம்) வாங்கினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். அவர் சொன்னதைக் கேட்டு இணையத்தில் தேடினால் எண்ணி மாளாத விற்பனையாளர்கள் வருகிறார்கள். எல்லாருமே 'வரம்பற்ற தரவு' என்கிறார்கள். விலை மட்டும் ஒருவருக்கொருவர் மூன்று மடங்கு வேறுபடுகிறது. நான் வைத்திருப்பது ஐபோன் 12, மாதக் கட்டண எண். மகனிடம் இருப்பது இணையத்தில் வாங்கிய சாம்சுங் ஏ வரிசைக் கைப்பேசி. அம்மாவிடம் இருப்பது நான் முன்பு பயன்படுத்திய பழைய கைப்பேசி, முன்கட்டண எண்.

என் கவலைகளைச் சொல்லிவிடுகிறேன். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் என் மலேசிய எண்ணுக்குத்தான் வரும். இ-சிம் போட்டால் அந்த எண் செயலிழந்துவிடுமா? புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) என் எண் மாறிவிடுமா? சிறு தீவில் தொடர்பு கிடைக்குமா? பழைய கைப்பேசி வைத்திருக்கும் அம்மாவை என்ன செய்வது? கூட்டத்தில் அவர் எங்களைவிட்டுப் பிரிந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நினைத்தால் இப்போதே தூக்கம் வருவதில்லை. அனுபவப்பட்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கடைக்காரத் தம்பி (சுங்கை சிப்புட்):

வணக்கம் அக்கா. நம் ஊரில்தான் 14 ஆண்டுகளாகக் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். விற்பனையாளரைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் கைப்பேசிகளைச் சோதித்துவிடுங்கள். பேசுவதற்கு எண்களை அழுத்தும் இடத்தில் *#06# என்று தட்டுங்கள். திரையில் கைப்பேசியின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணுடன் 'இஐடி' என்ற பெயரில் 32 இலக்க எண் ஒன்றும் தெரிந்தால், அந்தக் கைப்பேசிக்குள் இ-சிம்முக்கான சில்லு இருக்கிறது என்று பொருள். அந்த எண் வராவிட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இ-சிம் அதில் ஏறாது.

ஐபோன்களில் 2018-ஆம் ஆண்டு வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கி இந்த வசதி உண்டு. ஆகையால் உங்கள் கைப்பேசி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சீனப் பெருநிலத்தில் விற்பதற்காகச் செய்யப்பட்ட ஐபோன் 12-இல் இ-சிம் கிடையாது. பழைய கைப்பேசியாகக் கைமாறி வந்திருந்தால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் மகனின் சாம்சுங்கைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். ஏ வரிசையில் விலை குறைந்தவற்றுக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. நடுத்தர விலையுள்ளவற்றிலும் ஒரே பெயரில் ஒரு நாட்டில் விற்பதற்கு இருக்கும், இன்னொரு நாட்டில் விற்பதற்கு இராது. பெட்டியில் எழுதியிருப்பதையோ நண்பர் சொல்வதையோ நம்ப வேண்டாம். அந்த 32 இலக்க எண்ணை மட்டும் நம்புங்கள்.

உங்கள் மலேசிய எண் எங்கும் போகாது. இப்போதுள்ள சிம் அட்டை அதன் குழியிலேயே இருக்கும்; இ-சிம் அதன் பக்கத்தில் இரண்டாவது எண்ணாக உட்காரும். அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மலேசிய எண், தரவுக்கு மட்டும் இ-சிம் என்று அமைப்புகளில் பிரித்துவிட வேண்டும். புலனம் உங்கள் பழைய எண்ணிலேயே தொடரும். எண்ணை மாற்றட்டுமா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மலேசிய எண்ணுக்கு 'தரவு ரோமிங்' (வேற்று நாட்டு நிறுவனத்தின் வழியாக இணையம் பெறும் வசதி) மூடியிருக்க வேண்டும். இ-சிம்முக்கு அதே 'தரவு ரோமிங்' திறந்திருக்க வேண்டும். என் கடைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. ரோமிங் என்றாலே பணம் பிடுங்கும் என்ற பயத்தில் இரண்டையும் மூடிவிடுகிறார்கள்; பயண இ-சிம்மோ வேறு நாட்டு நிறுவனத்தின் எண்ணாக இருந்து, ரோமிங் வழியாகத்தான் இந்தோனேசியாவின் கைப்பேசிக் கோபுரத்தைப் பிடிக்கும். அதை மூடினால் கோபுரத்தின் அடியில் நின்றாலும் இணையம் வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விற்பனையாளர் அனுப்பும் கியூஆர் குறியீடு ஒரு வீட்டுக்கு ஒரே சாவி போன்றது. பெரும்பாலும் ஒரு முறை, ஒரு கைப்பேசியில் மட்டுமே அது இறங்கும். சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர், 'பாருங்கள், வாங்கிவிட்டேன்' என்று அந்தப் படத்தைக் குடும்பப் புலனக் குழுவில் போட்டார். கிள்ளானில் இருந்த அவருடைய சித்தி மகள் அது என்னவென்று பார்ப்பதற்காகத் தம் கைப்பேசியைக் காட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' என்று அழுத்திவிட்டார். பயணம் போகிறவரின் சிம் போகாதவரின் கைப்பேசியில் போய் உட்கார்ந்துகொண்டது. புதிதாக இன்னொன்று வாங்கித்தான் அவர் விமானம் ஏறினார்.

வெண்கட்டி (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்):

மகளே, உன் தாயாரை அழைத்துச் செல்லும் செய்தி மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. தம்பி சொன்னதை அப்படியே பின்பற்று. நானும் என் துணைவியாரும் சென்ற ஆண்டு அதே இடங்களுக்குத்தான் போய் வந்தோம். எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். உனக்கு அது நேராமல் இருக்க வேண்டும்.

டென்பசாரில் உள்ள நுரா ராய் விமான நிலையத்தில் இறங்கியதும் என் கைப்பேசியில் இணையம் வந்துவிட்டது, துணைவியாருடையதில் வரவில்லை. இருவரும் ஒரே விற்பனையாளரிடம், ஒரே திட்டத்தைத்தான் வாங்கியிருந்தோம். பயணப்பெட்டிகள் சுற்றி வரும் இடத்தில் நின்றுகொண்டு, கணினியை அணைத்துப் போடுவதுபோல அதை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினால் சரியாகிவிடும் என்று எண்ணி, அந்த இ-சிம்மை அழித்துவிட்டேன். மறுபடி ஏற்ற முனைந்தபோது, இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்ற ஒரே வரி மட்டும் வந்தது. விற்பனையாளருக்கு எழுதினேன், மறுநாள் மாலைதான் பதில் கிடைத்தது. உண்மையில் அந்தக் கைப்பேசியில் தரவு ரோமிங் மூடியிருந்தது, அவ்வளவுதான். ஒரு விரல் அசைவில் முடிந்திருக்க வேண்டிய காரியம். என் கையால் நான் செய்த அந்தத் தவறினால் ஐந்து நாளும் அவர் என் பின்னாலேயே நடக்க வேண்டியதாயிற்று. ஆகவே எது நடந்தாலும் இ-சிம்மை அழிக்காதே. முதலில் ரோமிங்கைப் பார். பிறகு எந்த எண்ணில் தரவு ஓடுகிறது என்பதைப் பார். அதன் பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு எடு. அப்போதும் வரவில்லையென்றால் தானியங்கித் தேர்வை நிறுத்தி, கோபுர நிறுவனத்தை நீயே தேர்ந்தெடு.

அடுத்து, சிறு தீவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நூசா பெனிடாவுக்குச் சானூர் கடற்கரையிலிருந்து விரைவுப்படகு போகிறது. முக்கால் மணி நேரத்திற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். படகுத்துறையிலும் தங்கும் விடுதிகள் உள்ள வடகரையிலும் எனக்கு இணையம் நன்றாகவே கிடைத்தது. கெலிங்கிங் என்னும் செங்குத்துப் பாறைக் கடற்கரைக்குப் போகும் மேட்டுப் பாதையில்தான் பல இடங்களில் சமிக்ஞைக் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. என்னுடன் வந்த வண்டியோட்டி டெல்கொம்செல் என்னும் இந்தோனேசியக் கைப்பேசி நிறுவனத்தின் எண் வைத்திருந்தார். நான் வேறு நிறுவனத்தின் கோபுரத்தில் இருந்தேன். அவருக்கு இரண்டு கோடுகள் இருந்த இடத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. இந்தோனேசியாவில் பட்டணத்தைவிட்டு விலகிய இடங்களில் டெல்கொம்செல்லின் வீச்சுத்தான் பரந்தது என்பதை அங்கேயே கண்ணால் பார்த்தேன்.

ஆகையால் இ-சிம் வாங்கும்போது விற்பனையாளரின் பெயரைவிட, அது எந்த உள்ளூர் நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதையே முதலில் பார். திட்ட விவரத்தின் அடியில் சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள். டெல்கொம்செல் இருந்தால் எடு. அதனுடன் இன்னொரு நிறுவனமும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. கோபுரத்தின் பெயரையே சொல்லாத திட்டத்தை விட்டுவிடு. எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடு.

எங்கு போனாலும் வரைபடத்தை முன்னதாகவே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள். கூகுள் வரைபடத்தில் பாலி, நூசா பெனிடா இரண்டையும் வீட்டு வைஃபையில் இறக்கிவிட்டால், இணையம் இல்லாத மேட்டிலும் நாம் நிற்கும் புள்ளி தெரியும்; செயற்கைக்கோள் வழியாக இடம் காட்டுவதற்கு இணையம் தேவையில்லை.

செம்பனைக் காடு (பேராக்):

சகோதரிக்கும் ஐயாவுக்கும் வணக்கம். செம்பனை ஆலை வேலையாக ஆண்டுக்கு நான்கைந்து முறை சுமத்ராவுக்கும் களிமந்தானுக்கும் போகிறவன் நான். இ-சிம் ஒன்றே வழி என்பது போன்ற தோற்றம் இங்கே உண்டாகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மூன்று வழிகள் உள்ளன. உங்கள் சொந்த நிறுவனத்தின் ரோமிங் திட்டத்தை எடுப்பது ஒன்று. பயண இ-சிம் இரண்டாவது. அங்கேயே உள்ளூர் சிம் வாங்குவது மூன்றாவது. நான் ஒரு மாதம் தங்கும்போது உள்ளூர் சிம்தான் வாங்குவேன். தரவு தாராளமாகக் கிடைக்கும், வேகமும் நன்றாக இருக்கும், உள்ளூர் எண்ணும் கையில் இருக்கும். ஆனால் ஐந்து நாள் சுற்றுலாவுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2020-ஆம் ஆண்டு முதல் இந்தோனேசியா வெளிநாட்டுக் கைப்பேசிகளின் ஐஎம்இஐ எண்ணைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர் சிம் போட வேண்டுமானால் கடப்பிதழைக் காட்டிச் சுற்றுலாப் பயணி என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அனுமதி 90 நாளுக்குச் செல்லும். சாலையோரக் கடையில் பதிவில்லாமல் வாங்கிய சிம் இரண்டொரு நாளில் முடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்து முகப்புகளில் முறையாகப் பதிவு செய்து தருவார்கள். ஆனால் பட்டணத்து விலையைவிட அங்கே கூடுதல், வரிசையும் நீளம். பயண இ-சிம் ரோமிங்காக வருவதால் அதற்கு இந்தப் பதிவு தேவைப்படுவதில்லை. உங்களுக்கு அது பொருந்தும் என்று நான் சொல்வதற்கு விலை ஒரு காரணமே இல்லை. இந்தச் சிக்கல் இல்லாமல் போவதுதான் காரணம்.

ஒரு குறையையும் அறிந்துகொண்டு வாங்குங்கள். பயண இ-சிம்மில் நீங்கள் அனுப்பும் தரவு பாலியிலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. சிம்மை வெளியிட்ட நிறுவனம் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ இருந்தால் முதலில் அங்கே போய், அங்கிருந்துதான் இணையத்தில் இறங்கும். செய்திக்கும் வரைபடத்துக்கும் அது தெரியாது. முகம் பார்த்துப் பேசும்போது சுற்றுப்பாதை நீளமாக இருந்தால் சொல் ஒரு கணம் பிந்தி வரும். சில வங்கிச் செயலிகள் வேற்று நாட்டு இணைய முகவரியைக் கண்டு தடுமாறுவதும் உண்டு. உங்கள் தாயாரின் ஏழு மணி அழைப்புக்கு விடுதி வைஃபையை முதலாவதாகவும் இ-சிம்மை இரண்டாவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலுத்துவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் வங்கிச் செயலியிலேயே இந்தோனேசியக் கடைகளில் உள்ள கியூரிஸ் என்னும் பணம் செலுத்தும் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் வசதி 2023 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறு கடையில்கூட அந்தக் குறியீடு ஒட்டியிருக்கும். ஆனால் செலுத்தும் அந்த நொடியில் இணையம் இருக்க வேண்டும். நூசா பெனிடாவில் இளநீர்க் கடை முன்னால் நின்றுகொண்டு கைப்பேசியை வானத்துக்குக் காட்டாமல் இருக்க, கொஞ்சம் ரூப்பியாவை நோட்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்புட் மகள்:

தம்பிக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை. நேற்றிரவு மூன்று கைப்பேசிகளிலும் அந்த எண்களை அழுத்திப் பார்த்தோம். என்னுடையதில் 32 இலக்க எண் வந்தது. மகனுடையதிலும் வந்தது, அவன் அதை ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி 32 வந்ததும் துள்ளிக் குதித்துவிட்டான். அம்மாவுடையதில் வரவில்லை.

இப்போது எனக்கு இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. எத்தனை ஜிபி வாங்குவது? 'வரம்பற்ற' திட்டம்தான் நல்லதா? அம்மாவுக்கு என்ன வழி?

கடைக்காரத் தம்பி:

அக்கா, 'வரம்பற்ற' என்ற சொல்லைப் பார்த்ததும் அடியில் உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி வரைதான் முழு வேகம், அதன்பின் வேகம் குறைக்கப்படும் என்று இருக்கும். அப்படிக் குறைத்த வேகத்தில் புலனச் செய்தி போகும், முகம் பார்த்துப் பேச முடியாது. சிலவற்றில் ஹாட்ஸ்பாட் பகிர்வுக்கும் தடை இருக்கும். அம்மாவுக்கு உங்கள் இணையத்தைப் பகிரப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு வரிக்காகவே அப்படிப்பட்ட திட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

கணக்கை இப்படிப் போடுங்கள். வரைபடமும் செய்தியும் மிகக் குறைந்த தரவையே எடுக்கும். புலனத்தில் முகம் பார்த்து 20 நிமிடம் பேசினால் ஏறத்தாழ 100 எம்பி ஆகும். தரவை உண்மையில் விழுங்குபவை இரண்டே இரண்டு. முதலாவது படம் பார்ப்பது. உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுத்துவிடும். இரண்டாவது, நீங்கள் எடுக்கும் புகைப்படங்களையும் காணொளிகளையும் கைப்பேசி தானாகவே மேகச் சேமிப்பில் (கிளவுட்) ஏற்றுவது. அது உங்களுக்குத் தெரியாமலேயே நடக்கும். புகைப்படச் சேமிப்பை 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றிவிட்டு, மகனிடம் படம் பார்ப்பதை விடுதியோடு வைத்துக்கொள்ளச் சொன்னால், ஐந்து நாளுக்கு உங்களுக்கு 5 ஜிபியும் அவனுக்கு 3 ஜிபியும் தாராளம். தீர்ந்தால் அதே இ-சிம்மில் கூடுதல் தரவு சேர்க்கும் வசதி உண்டா என்று பார்த்து வாங்குங்கள்; அது இல்லாவிட்டால் நடுவழியில் புதிதாக இன்னொன்றை ஏற்ற வேண்டிவரும்.

செல்லுபடியாகும் நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். நாட்டுக்குள் போய் முதல் கோபுரத்தைப் பிடித்ததும் தொடங்கும் திட்டம்தான் உங்களுக்கு நல்லது. கைப்பேசியில் ஏற்றியதுமே தொடங்கிவிடும் திட்டங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்டதை முன்கூட்டி ஏற்றினால் பாதி நாள் சுங்கை சிப்புட்டிலேயே கரைந்துவிடும். நாள்கணக்கில் தரவு தரும் சிலவற்றுக்கு நாள் என்பது கிரீனிச் நேரப்படி மாறும். பாலியின் நேரம் நம் நேரமேதான். ஆகவே அங்கே புது நாள் நள்ளிரவில் பிறக்காது, காலை எட்டு மணிக்குப் பிறக்கும்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். அவருடைய சிம்மை அப்படியே விட்டுவிடுங்கள். தரவு ரோமிங்கை மூடி, உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை புலனம் வேலை செய்யும். பிரிந்துபோனால் அந்த இணைப்பு அறுந்துவிடும் என்பதுதான் உங்கள் பயம். அது நியாயமான பயம். ஆகவே அவருடைய முன்கட்டண எண்ணில் ரோமிங் வசதி திறந்திருக்கிறதா என்று புறப்படுவதற்கு முன்பே நிறுவனத்திடம் கேட்டு, 20, 30 வெள்ளி (ரிங்கிட்) மீதத்தைப் போட்டு வையுங்கள். எண்ணின் காலாவதி நாளையும் பார்த்துவிடுங்கள். இணையமே இல்லாவிட்டாலும் அவர் உங்களைச் சாதாரணமாக அழைக்கலாம், நீங்களும் அவரை அழைக்கலாம். வெளிநாட்டில் இருக்கும்போது வரும் அழைப்பை எடுத்தாலும் நமக்குக் கட்டணம் உண்டு. அதனால் உறவினர்கள் யாரும் அந்த ஐந்து நாளும் அவரை நேரடியாக அழைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். உங்கள் மலேசிய எண்ணுக்கும் இதே விதிதான். குறுஞ்செய்தியைப் பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வங்கிச் செய்தி வந்து சேரும்.

வெண்கட்டி:

தம்பி சொன்னதோடு ஒரு சிறு காரியத்தையும் சேர்த்துக்கொள், மகளே. விடுதியின் பெயர், முகவரி, உன் எண் மூன்றையும் ஓர் அட்டையில் இந்தோனேசிய மொழியில் எழுதி, தாயாரின் கைப்பேசி உறைக்குள் வைத்துவிடு. நம் மலாய் அங்கே பெருமளவு புரியும். தோட்டத்தில் வளர்ந்தவர் மலாய் பேசத் தயங்கமாட்டார். மின்கலம் தீர்ந்துபோன கைப்பேசிக்கும் உதவுவது அந்த அட்டை ஒன்றுதான்.

தைப்பிங் மழை (தைப்பிங்):

அக்கா, உங்கள் பயண நாள்களுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம். ஆயினும் பின்னால் இந்த இழையைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். பாலி இந்துக்களின் புத்தாண்டான ந்யெபி நாளில் தீவு முழுவதும் மௌனம் காக்கும். விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும். யாரும் தெருவில் நடமாடக் கூடாது. 2018-ஆம் ஆண்டு முதல் கைப்பேசி இணையத்தையும் அன்று நிறுத்திவிடுகிறார்கள். எந்த நாட்டு இ-சிம்மாக இருந்தாலும் கோபுரம் அங்கேயுள்ளதுதானே, அதுவும் ஓய்ந்துவிடும். 2026-இல் அந்த நாள் மார்ச் 19. பொதுவாக மார்ச் மாதத்தை ஒட்டியே வரும் என்பதால், அந்தக் காலத்தில் பயணச்சீட்டு எடுப்பவர்கள் முதலில் ந்யெபி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளைத் திட்டத்தில் ஒரு நாளாக எண்ணிப் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவரும் பாலிக்கு 150,000 ரூப்பியா சுற்றுலாக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கான ரசீதும் குடிநுழைவு வருகைப் படிவமும் கியூஆர் குறியீடாகத்தான் வரும். விமானம் இறங்கியதும் இணையம் வந்துவிடும் என்று நம்பி மின்னஞ்சலிலேயே விட்டுவிடாமல், மூவருடையதையும் வீட்டிலேயே படமாகச் சேமித்து வையுங்கள்.

செம்பனைக் காடு:

தங்கையின் கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். கூடவே ஒன்று: இ-சிம்முக்காகப் புதுக் கைப்பேசி வாங்கலாம் என்று எண்ணுபவர்கள் பயணத்துக்கு முதல் நாள் வாங்காதீர்கள். வங்கிச் செயலியைப் புதிய கைப்பேசியில் பதிவு செய்தால் பாதுகாப்புக்காக ஒரு காத்திருப்பு நேரம் வைக்கிறார்கள். அது முடியும்வரை பணம் அனுப்ப முடியாது. இரண்டு வாரம் முன்னதாக வாங்கி, எல்லாவற்றையும் பழகிவிட்டுப் புறப்படுவது நல்லது.

சிப்புட் மகள்:

எல்லாருக்கும் மீண்டும் வணக்கம். டெல்கொம்செல் கோபுரத்தைப் பெயரிட்டுச் சொன்ன திட்டத்தில் எனக்கு 5 ஜிபி, மகனுக்கு 3 ஜிபி என வாங்கிவிட்டோம். அங்கே போய்க் கோபுரத்தைப் பிடித்த பிறகே நாள் கணக்குத் தொடங்கும், ஹாட்ஸ்பாட் தடையில்லை, தேவைப்பட்டால் கூடுதல் தரவும் சேர்க்கலாம். இந்த மூன்றும் விவர அட்டையில் எழுத்தில் இருக்கின்றனவா என்று மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டினேன்.

நேற்று இரவு உணவு முடிந்து சமையலறை மேசையிலேயே ஏற்றினோம். குறியீடு வந்ததும் என் கைப்பேசியிலேயேதான். அதே திரையில் உள்ள குறியீட்டை அதே கைப்பேசியால் எப்படிப் படம் பிடிப்பது என்று நான் விழித்தபோது, மகன் அதைத் தன் பழைய மடிக்கணினியில் திறந்து மேசைமேல் நிறுத்தினான். ஐபோனைக் காட்டினேன், 'சேர்க்கப்படுகிறது' என்று சுழன்றது. அம்மா இரு கைகளையும் மேசையில் ஊன்றி, பால் உறைவதைப் பார்ப்பவரைப்போல அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடமானது. புதிய எண்ணுக்குப் பெயர் கேட்டபோது 'பாலி' என்று இட்டோம். பழையதற்கு 'வீடு' என்று பெயர் மாற்றினோம். இனி எதற்கு ரோமிங்கைத் திறப்பது, எதற்கு மூடுவது என்று எனக்குக் குழப்பம் வராது: 'வீடு' மூடியிருக்கும், 'பாலி' திறந்திருக்கும். இப்போதைக்கு 'பாலி' எண்ணை அணைத்து வைத்திருக்கிறேன். விமானம் தரையிறங்கியதும் திறப்பேன். ஐபோனில் 'கைப்பேசித் தரவை மாற்றிக்கொள்ள அனுமதி' என்று ஒரு விசை இருந்தது. ஓர் எண்ணில் இணையம் குறைந்தால் மற்ற எண்ணுக்குத் தானாகத் தாவும் என்று எழுதியிருந்ததால் அதையும் மூடிவிட்டேன். தம்பி, அது சரிதானே?

அம்மாவின் எண்ணில் ரோமிங் திறக்கப்படாமலேயே இருந்தது. நிறுவனத்தின் செயலியிலேயே திறந்து, 30 வெள்ளி போட்டாயிற்று. ஆசிரியர் ஐயா சொன்ன அட்டையை மகன் எழுதினான். அம்மா அதை உறைக்குள் வைக்காமல் தம் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார், கைப்பேசி தொலைந்தாலும் பை தொலையாது என்று.

கடைக்காரத் தம்பி:

மிகச் சரி அக்கா. அந்த விசை மூடித்தான் இருக்க வேண்டும். மகனின் சாம்சுங்கிலும் சிம் மேலாண்மைப் பகுதியில் அதேபோன்ற தானியங்கி மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். புறப்படுவதற்கு முன் அம்மாவின் கைப்பேசியை உங்கள் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை இணைத்துக் கடவுச்சொல்லைப் பதியவைத்துவிடுங்கள். பிறகு அது தானாகவே பிடித்துக்கொள்ளும்.

சிப்புட் மகள்:

இப்போதே இணைத்துவிட்டேன் தம்பி. சோதித்துப் பார்க்க, கூடத்தில் இருந்த அப்பாவை அம்மா சமையலறையிலிருந்து அழைத்தார். இருவரும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.